குட்டியானையில் போன நாலு மீன்கள்

“மீன் வந்தாத்தான் நான் வருவேன்.”

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் என் மனைவி சரோஜா போட்ட ஒரே கண்டிஷன் இது. நகை கேட்டதில்லை, ஊட்டி கேட்டதில்லை. போன மாதம் திடீரென்று இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

விஷயம் இதுதான். கருங்குழி வீட்டை விட்டுவிட்டு, படூரில் மகள் தேவி குடியிருக்கும் அபார்ட்மெண்டிலேயே தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. மாடிப்படியைப் பார்த்தாலே சரோஜாவின் முழங்கால் ஸ்ட்ரைக் பண்ணுகிறது. நான் ஸ்கூட்டரைத் தொட்டால் மகள் போனில் திட்டுகிறாள். பிள்ளைகள் பேச்சைக் கேட்டு நடக்கிற வயசு நமக்கும் வந்துவிட்டது, வேறென்ன?

ஆனால் பின்பக்கத் தொட்டியில் நாலு மீன்கள் இருக்கின்றனவே!

அது மீனுக்காகக் கட்டிய தொட்டியே இல்லை. வீடு கட்டும்போது சுவருக்கு ஊற்றத் தண்ணீர் பிடித்து வைக்கக் கொத்தனார் கட்டியது. வேலை முடிந்ததும் இடித்துவிடச் சொன்னேன். “இருக்கட்டும்ங்க, கொசு வராம மீன் விடலாம்” என்றாள் சரோஜா. அதற்கப்புறம் அவளாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வீட்டை விட்டு யாராவது போனால், அந்த வாரமே ஒரு மீன் வாங்கிவந்து தொட்டியில் விடுவாள்.

தேவியை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று பஸ்ஸில் செங்கல்பட்டு வரை அழுதுகொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள், நேராக ஒரு கடைக்குப் போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் வாங்கினாள். அது தேவி மீன். பையன் குமார் மஸ்கட் போனபோது வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்டது – குமார் மீன். என் அம்மா காலமாகி பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், விரல் நீளத்தில் பொன் நிறமாக ஒன்று – அத்தை மீன்.

நாலாவது ஒரு கருப்பு மீன். கரி பூசினாற்போல் இருக்கும். இருபது வருஷமாகத் தொட்டியில் கிடக்கிறது. ஏது என்று அப்போதே கேட்டேன். “கடைக்காரன் சும்மா குடுத்தான்” என்றாள். சும்மா கிடைத்தது என்பதால் நானும் அதைப் பெரிதாக மதித்ததில்லை.

சாயங்காலமானால் தொட்டி ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொரி போடுவாள். குமார் போன் செய்தால், “நீ இன்னிக்கு நல்லா சாப்பிட்டடா, தேவிய தள்ளிட்டு வந்து சாப்பிட்ட” என்பாள். அவனும் அங்கிருந்து, “அப்படியாம்மா, ருசியா இருந்துச்சா?” என்று கேட்பான். ஒரு கார்த்திகை மழையில் தொட்டி நிரம்பி வழிந்து மீனெல்லாம் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நானும் அவளும் ஆளுக்கொரு முனையாக என் வேட்டியைப் பிடித்து வளைத்து வளைத்துப் பிடித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார். இப்போது நினைத்தாலும் அந்த மழை வேண்டும் போலிருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம்.

படூர் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தில் ஒரு மாதம் முன்பே தொட்டி கட்டினோம். புது சிமெண்ட் மீனுக்கு ஆகாது. வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டி… மூன்று வாரம் இதே வேலை. என் கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு ஏற்பாடு நடக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் முரண்டு பிடித்தேன். கருங்குழித் தொட்டியின் மேல் எப்போதும் ஒரு பழைய ஜன்னல் கிரில்லைப் போட்டு மூடியிருப்போம். பூனைக்கும் மீன்கொத்திக்கும் அதுதான் காவல். துருப்பிடித்த அந்த இரும்பைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா?

“படூர்ல ஏதுடி கொக்கும் மீன்கொத்தியும்? ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்கா வருது?” என்றேன். கிரில் அங்கேயே நின்றுவிட்டது.

மீன்களை எடுத்துப்போக யாரைக் கூப்பிடுவது? எனக்கு உடனே கோவளம் ஏழுமலை ஞாபகம்தான் வந்தது. நான் கோவளம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்து நண்பன். கடலுக்குப் போனவன், இப்போது குட்டியானை வண்டியில் மார்க்கெட்டுகளுக்கு மீன் ஏற்றிப்போகிறான். மீனைப் பற்றி அவனைவிட யாருக்குத் தெரியும் – என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

காலை ஏழு மணிக்கு நீல டிரம்மோடு வந்து நின்றான். பாதி டிரம்முக்குத் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, நாலு மீனையும் வலைத்துணியில் அள்ளி விட்டோம். முந்தின நாளே பொரியை நிறுத்தியிருந்தாள் சரோஜா. வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் தண்ணீரை அசிங்கம் பண்ணாதாம்.

அப்புறம் வீட்டைப் பூட்டப் போனோம். பூட்டுவது என்றால் லேசா? ஒவ்வொரு அறையாகப் போய் எட்டிப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் தேவியின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளைத் தடவிப் பார்த்தாள். ஒருவழியாக அவள் வெளியே வந்ததும் வாசல் கதவைப் பூட்டினேன்.

அப்போது வண்டிப் பக்கமிருந்து சரசரவென்று ஒரு சத்தம்.

சரோஜா முழங்காலை மறந்து ஓடினாள். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தவள், “அய்யோ!” என்று போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஏழுமலை காலிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தான். டிரம் நிறைய ஐஸ்!

“இன்னாய்யா பண்ண?”

“இன்னா அண்ணி, வெயிலு ஏறிகினு கீது. ஐஸ் இல்லாங்காட்டி மீனு கெட்டுப் பூடாது?”

“உயிரோட கீற மீனு எப்படிய்யா கெடும்?”

ஏழுமலை அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “நாப்பது வர்சமா செத்த மீனத்தான் ஏத்தினு கீறேன் அண்ணாத்த… கை தானா அள்ளிப் போட்டுட்ச்சு.”

திட்ட நேரமில்லை. மீன்கள் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. மூன்று பேருமாகக் கை விறைக்க விறைக்க ஐஸை வாரி வெளியே கொட்டினோம். சற்றுமுன் பூட்டிய வீட்டை மறுபடி திறந்தேன். பின்னால் ஓடிப்போய் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்தேன். ஒரேயடியாக ஊற்றாமல், மக்கில் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள் சரோஜா. தேவி மீன் வாலை ஆட்டியது. குமார் மீன் நிமிர்ந்தது. அத்தை மீன் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. என் அம்மாவும் அப்படித்தான்.

கருப்பு மட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

சரோஜா அதை இரண்டு கையாலும் தாங்கி, தண்ணீருக்குள் முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்குப் புரியவில்லை. “விடு சரோ, மூணு பொழச்சிட்டுது இல்ல? இது சும்மா வந்த மீன்தானே…” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள் ஒரு பார்வை!

“யாரு சும்மா குடுத்தா? நீங்க தர்மபுரிக்கு டிரான்ஸ்பர்ல போனப்ப வாங்குனதுங்க இது. ரெண்டு வர்சம் இத்த பாத்துக்கினுதான் இருந்தேன்.”

தர்மபுரியில் அந்த இரண்டு வருஷமும், இவள் நான் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமை ராத்திரி அடித்துப் பிடித்து வந்தால், “வந்துட்டீங்களா, சோறு இருக்கு, போட்டுக்குங்க” என்பாள். அவ்வளவுதான். சொல்லக் கூச்சப்பட்டு ஒரு பொய்யைச் சொல்லி, அதை இருபது வருஷம் காப்பாற்றியிருக்கிறாள்! நானும் டிரம்முக்குள் கையை விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கருப்பின் செவுள் ஒருமுறை திறந்து மூடியது… இன்னொரு முறை… அப்புறம் என் உள்ளங்கையில் பட்டென்று ஒரு அடி கொடுத்துவிட்டு உள்ளே போனது.

“பொழச்சிகிச்சு!” என்று ஏழுமலை போட்ட சத்தம் ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டிருக்கும்.

முன் சீட்டில் உட்காரச் சொன்னால் சரோஜா கேட்கவில்லை. டிரம் பக்கத்திலேயே வண்டியின் பின்னால் உட்கார்ந்து, மக்கில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். துணைக்கு நானும். செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம்… கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் போனபோதுதான் இவளோடு இப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். படூர் போய், பழைய தண்ணீரும் புதுத் தண்ணீருமாகக் கலந்து, நாலையும் பத்திரமாகப் புதுத் தொட்டியில் விட்டோம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை காபியோடு பின்பக்கம் போனேன். தொட்டி விளிம்பில் ஒரு கொக்கு. என்னைப் பார்த்ததும் அவசரமே இல்லாமல் எழும்பிப் போயிற்று. மீன்களை எண்ணினேன். மூன்று. அத்தை மீன் இல்லை.

சரோஜா வந்து பார்த்தாள். நான் கிரில் விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலை குனிந்து நின்றேன். “அத்த எப்பவும் இப்படித்தான். யாருகிட்டயும் சொல்லிக்க மாட்டாங்க, கெளம்பிடுவாங்க” என்றாள்.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆனால் ஒன்பது வருஷம் கழித்து, என் வாய்க்கொழுப்பால் அம்மாவை இன்னொரு தடவை அனுப்பி வைத்துவிட்டேன்.

போன் பண்ணிய ஒரு மணி நேரத்தில் ஏழுமலை பழைய வலையோடு வந்துவிட்டான். ஐஸ் போட்ட குற்றவுணர்ச்சி அவனுக்கு இன்னும் போகவில்லை. தொட்டியைச் சுற்றி மூங்கில் சட்டம் கட்டி, வலையைத் தொய்வே இல்லாமல் இழுத்து முடிச்சுப் போட்டான். தொய்வு இருந்தால் பறவையின் கால் மாட்டிக்கொள்ளுமாம். மீன் ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானை ஒன்றையும் உள்ளே சாய்த்து வைத்தான்.

“இத்தினி வர்சமா வலையில மீனு வுழணும்னு வேண்டிகினுதான் முடிச்சு போடுவேன். மொத மொறையா எந்த மீனும் மாட்டக் கூடாதுன்னு போட்றேன் அண்ணாத்த” என்றான். சரோஜா அவனுக்கு இரண்டாவது காபி கொடுத்தாள்.

மறுநாளும் அந்தக் கொக்கு வந்தது. வலை மேல் இரண்டு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சரோஜா ஆட்டோ பிடித்துக் கேளம்பாக்கம் போய்விட்டு வந்தாள். கையில் பாலிதீன் கவர். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு குட்டி மீன்.

“அம்மாவுக்குப் பதிலா?”

“அத்தைக்குப் பதிலா யாருங்க வர முடியும்?”

“அப்போ இது யாருக்கு? யாரும் எங்கேயும் போகலையே!”

வலையின் ஒரு முனையைத் தூக்கி, கவரை மெல்லக் கவிழ்த்தாள். கருப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேரும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள்:

“நாம ரெண்டு பேரும் வூட்ட வுட்டு வந்துட்டோமேங்க.”