பதினோராவது ஆறு மாதம்

பொன்னாடையை இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, வலது கையை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார் சேதுராமன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். பஹ்ரைனின் குதைபியா பகுதியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே இருக்கும் ஹாலின் கதவுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறார். "ரோம்ல செனட்டர் இப்படித்தான்யா போடுவான். பேசுற கை ஃப்ரீயா இருக்கணும்." பின்னால் நிற்கும் மனைவி தாமரைக்கு வேறு அபிப்பிராயம். "முடி வெட்ட உக்காந்த மாதிரி இருக்கு. நேராப் போடுங்க."

போட மாட்டார். அவர் பரமக்குடிக்காரர், பஹ்ரைனுக்கு வந்து இருபத்தெட்டு வருடம், ஏ.சி. கம்பெனி ஒன்றில் ஸ்டோர் மேனேஜர். எட்டு வருடத்துக்கு முன்னால் ஆறு நாள் பேக்கேஜில் இத்தாலி போய்வந்தார். போனவர் சேதுராமன், திரும்பி வந்தவர் ஏறக்குறைய சீசர். ரோமில் இருந்தது ஒன்றரை நாள்தான், அதிலும் அரை நாள் வயிற்றுப்போக்கு என்பது தாமரையின் வாக்குமூலம்.

அன்றிலிருந்து எதை எடுத்தாலும் ரோம். "ஜூலை, ஆகஸ்டு யாரு பேருடா? நீ வாங்குற ஜூலை மாசச் சம்பளமே ரோம்காரன் போட்ட பிச்சை" என்பார் ஸ்டோர் ஆட்களிடம். "அப்ப ஆகஸ்டு வெயிலுக்கும் அவங்கதான் பொறுப்பா சார்?" என்று கேட்டுவிட்டான் மக்தூம். அந்த வாரம் முழுக்க வெளியே நின்று லோடு எண்ணினான், பாவம்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தலைவர் என்றுதான் இருந்தது. கொரோனா வந்தது. தொழிலாளர் கேம்ப்களில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அரிசியும் மாத்திரையும் போய்ச் சேர வேண்டும். கமிட்டியோ கூட முடியாது. சேதுராமன் வழி சொன்னார். "ஆபத்துன்னா ரோம்ல ஒருத்தன்கிட்ட முழு அதிகாரத்தையும் குடுத்துருவாங்க. பேரு டிக்டேட்டர். ஆறே மாசம். அப்புறம் கலாஸ்." கொடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தார். சொந்தக் காரில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கேம்ப் கேம்ப்பாக அலைந்து, கடைசியில் அவரே காய்ச்சலில் படுத்தார். அந்த நன்றியில் இன்னொரு ஆறு மாதம் கொடுத்தார்கள். அங்கேதான் வினை. கொரோனா போய்விட்டது, ஆபத்து போகவில்லை. ஒருமுறை பொங்கல் விழா ஆபத்து, ஒருமுறை மைக் செட் ரிப்பேர் ஆபத்து. இப்படியே பதினோராவது ஆறு மாதம் இன்றோடு முடிகிறது.

ஓட்டெடுப்பும் ரோமானிய முறைதான். செனட்டில் யார் பேச்சுக்குச் சம்மதமோ அவர் பக்கம் எழுந்து நடந்துபோய் நிற்பார்களாம். அதைக் கொண்டுவந்ததும் இவரே. மேடைப் பக்கம் சேதுராமன். வேண்டாம் என்பவர்கள் எதிர்ச் சுவரோரம் போய் நிற்கலாம். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, முகத்துக்கு நேராக யார் எழுந்து நடப்பார்? அதோடு பிரியாணி அண்டாவும் மேடைப் பக்கம்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் எதிர்ச் சுவர் காலி.

இதில் வயிறெரிந்துகொண்டிருப்பவள் உமாராணி. நர்ஸ். இரவு டியூட்டி முடித்து நேராக இங்கே வந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். ஹால் கிடைப்பது வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். வகுப்புக்கென்றுதான் அதை எடுத்ததே. அதற்கு முன்னால் "பத்தே நிமிஷம்" என்று சேதுராமன் தொடங்கும் பேச்சு பதினொன்றேகால் வரை ஓடும். அதுவரை பிள்ளைகள் மாடிப்படியில். "மிஸ், ரோமன் அங்கிள் ஸ்டில் நாட் ஃபினிஷ்ட்" என்று சம்யுக்தா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். முப்பத்திரண்டு பேர் படித்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பேர். "இந்தத் தடவையும் இவருதான்னா கிளாஸ மூடிர வேண்டியதுதான்" என்று உமாராணி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டுவதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா.

இன்றும் சேதுராமன் சின்சினாட்டஸ் கதையை எடுத்தார். "வயல்ல உழுதுக்கிட்டு இருந்தவனக் கூட்டிட்டு வந்து டிக்டேட்டர் ஆக்குனாங்க. பதினாறே நாள்ல சண்டைய முடிச்சான். பதவியத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி உழவுக்குப் போயிட்டான். அவன்யா மனுசன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிப்பில்லை, நிஜமாகவே கண் கலங்கும். கலங்கி முடித்து, "அதனால இன்னொரு ஆறு மாசத்துக்கு..." என்று தொடங்கினார்.

உமாராணி எழுந்தாள். "சார், அவரு பதினாறு நாளு. நீங்க ரெண்டாயிரம் நாளத் தாண்டிட்டீங்க. இனிமே நான் பாத்துக்கிறேன்."

சேதுராமன் சிரித்தார். "அவனுக்குப் போறதுக்கு வயல் இருந்துச்சும்மா. எனக்கு எங்க இருக்கு?" நழுவிய பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, நடங்கய்யா. பாப்போம்."

உமாராணி போய் எதிர்ச் சுவரோரம் தனியாக நின்றாள். ஒருவரும் அசையவில்லை. தரையைப் பார்ப்பவர்கள், போனைப் பார்ப்பவர்கள், அண்டாவைப் பார்ப்பவர்கள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

முன்வரிசையில் தாமரை எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க போற?"

"அந்தப் பக்கம்."

"தாமரை, இது சங்கம். வீட்டுச் சண்டைய இங்க கொண்டுவராத."

"எனக்கு அந்தப் பதினாறு நாளு மனப்பாடமே ஆயிருச்சு. வழிய விடுங்க."

நடந்தாள். ஹால் முழுக்க அவள் செருப்புச் சத்தம்தான். செயலாளர் அருள்ராஜ் அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்பதுபோலப் போனை உயர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே போனார். மக்தூம் ஒளிவுமறைவில்லாமலே போனான். அப்புறம் என்ன, நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. மூன்று நிமிடத்தில் மேடைப் பக்கம் மிஞ்சியது சேதுராமனும் பிரியாணி அண்டாவும்தான்.

அவர் அறுபது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து, கைப்பிடி வைத்த தன் நாற்காலியைத் தூக்கினார். அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஹாலின் குறுக்கே நடந்துபோய், உமாராணியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, கூட்டத்துக்கு நட்டநடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.