டெலியா ஓட்டிய பதினாலு குதிரைகள்

மல்வேனி குடும்பத்துக்கு வண்டியை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது. தாத்தா பேட்ரிக் அயர்லாந்திலிருந்து வந்து மாட்டு வண்டி ஓட்டினார். தன் வண்டிச் சக்கரத்திலேயே விழுந்து செத்தார். மகன் பார்ட் குதிரைக்கு மாறினார். பதினாலு குதிரை பூட்டிய பார வண்டி. பண்ணைகளின் கம்பளிப் பொதிகளைப் பர்க் நகர ரயிலடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஒருநாள் பொதி சரிந்து அவர் இடுப்பு நொறுங்கியது. அதோடு நாற்காலிதான். பார்ட்டின் மகன் வின்ஸ் அப்போது குதிரைப்படையில் சேர்ந்து பாலஸ்தீனத்தில் நடந்த போருக்குப் போயிருந்தான்.

மிச்சம் இருந்தவள் மூத்த மகள் டெலியா. யாரையும் கேட்காமல் சாட்டையை எடுத்தாள்.

முதல் பாரத்தோடு அவள் பர்க்குக்குள் வந்தபோது மதுக்கடை வாசலில் ஒருவன் கத்தினான்: "ஏம்மா, பாவாடையப் பாத்து குதிரை மிரளாதா?"

"உன் மூஞ்சியப் பாத்தே மிரளல, பாவாடைக்கா மிரளப்போவுது?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. அதன்பின் யாரும் அவளிடம் வாய் கொடுக்கவில்லை. மழையில் கரிசல் சக்கரத்தை அச்சுவரை விழுங்கும். வெயிலில் தண்ணீர் இல்லாமல் குதிரையின் நாக்குத் தடிக்கும். முன்னணிக் குதிரை ஜூனோவின் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும், மொத்தக் கூட்டமும் தோளைக் கொடுக்கும். போர் முடியும்வரை அவள்தான் ஓட்டினாள்.

வின்ஸ் திரும்பி வந்தான். பாலஸ்தீனத்திலிருந்து புறப்படுமுன் தன் குதிரையைத் தானே சுட்டுவிட்டு வரப் படை அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள், சுட்டுவிட்டு வந்தவன். சாட்டை சொடுக்கினால் அவன் தோள் துள்ளும். பார்ட் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். ஒருநாள் ராத்திரி டெலியா ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"நாளையிலேருந்து வண்டி வின்ஸுக்கு."

"அப்ப நான் என்னப்பா பண்றது?"

"உங்கம்மாவுக்கு ஒத்தாசையா இரு. போதும் ஊர் சுத்தினது."

ஊர் சுத்தினது! கரண்டியை வைத்துவிட்டு அவள் வெளியே போனாள். வின்ஸ் தட்டிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

அந்த ஆண்டு மழை பலமாகப் பெய்தது. புறப்படும் காலையில் டெலியா தம்பியிடம் சொன்னாள்: "டேய், கேலன் ஓடையில நேரா இறக்காத. அடியில சேறு. மேட்டுப் பக்கமா சுத்திப் போ, ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்."

"எனக்கே கத்துக் குடுக்கறியாக்கா?"

நேராகவே இறக்கினான். நடு ஓடையில் வண்டி புதைந்தது. மேலே பெய்த மழையின் வெள்ளம் வந்தது. தண்ணீருக்கடியில் இறுகிப்போன சங்கிலிக் கொக்கிகளை அவிழ்க்க முடியவில்லை. தோல்வாரை அறுத்து ஐந்து குதிரைகளைக் கரையேற்றினான். ஒன்பது போயின. அவற்றில் ஜூனோவும் ஒன்று.

செய்தி கேட்டு டெலியா ஓடைக்குப் போனாள். வெள்ளம் வடிந்திருந்தது. ஜூனோ பூட்டியபடியே கிடந்தது. மண் அடைந்த அதன் காதைத் துடைத்துவிட்டு வீடு திரும்பினாள்.

வாசலில் அப்பா காத்திருந்தார்.

"ஓடை கெட்டியா இருக்கு, நேரா இறக்குன்னு நீதான் சொன்னியாமே?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அறுத்த தோல்வாரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். போருக்குப் போகுமுன் அவன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் அப்பா அவனை வீட்டில் வைக்கமாட்டார் என்று தெரியும். இன்றில்லாவிட்டால் நாளை அவனே சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். மறுக்காமல் உள்ளே போனாள்.

அவன் சொல்லவில்லை. மிஞ்சிய குதிரைகளை பார்ட் கொன்று கொழுப்புக் காய்ச்சும் ஆலைக்கு அனுப்பினார். வின்ஸ் லாரி ஓட்டப் போனான். அம்மா இறந்தபின் அப்பாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டியவள் டெலியா. எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் அவர் அவளிடம் வேலை சொன்னாரே தவிரப் பேசவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "என் குதிரைங்கள இவதான் கொன்னா" என்று அவள் காதுபடச் சொன்னார்.

அவரைப் புதைத்த அன்று, மற்றவர்கள் கலைந்தபின் அவள் கேட்டாள்: "ஏன்டா, ஒரு தடவையாவது அவர்கிட்டச் சொல்லக் கூடாதா?"

வின்ஸ் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "சொல்லணும்னு நெனச்சுக்கிட்டேதான்க்கா இருந்தேன். இனிமே யாருகிட்டச் சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லேன்."

அவன் தொப்பியைத் தலையில் வைத்தான். லாரியில் ஏறிப் போய்விட்டான்.

டெலியா தெற்கே ஒரு சிற்றூருக்குப் போய், தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஒற்றைக் குதிரை வண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல குதிரைதான். அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. வின்ஸ் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினான். அவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.