கடையில் இல்லாத கிழங்கு

மசக்கையில் சின்னம்மாவின் வயிற்றில் எதுவுமே தங்காமல் போன அந்த மாதத்தில், கிளிநொச்சிக் கடைகளில் வாங்கக்கூடிய எல்லாவற்றையும் சித்தப்பா வாங்கி முடித்துவிட்டார். அப்பிள், தோடம்பழம், உப்பு பிஸ்கற், பால்மா என்று மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகள் தொங்க எங்கள் ஊர் அக்கராயனுக்கு வந்து சேருவார். சின்னம்மா எல்லாவற்றிலும் ஒரு வாய் வைப்பார்; உடனே கிணற்றடிக்கு ஓடுவார். மிச்சத்தைச் சாப்பிடும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. வீட்டில் ஒருத்தி மெலிய, நான் கொழுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு முன் ஒரு குழந்தை சின்னம்மாவுக்குத் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி அனுப்பியபோது, இனியும் சாப்பிடாவிட்டால் வாட்டிலேயே மறித்து வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் மெதுவாகவே கதைத்தார்கள். எனக்கு அது ஏதோ விளையாட்டுப் போல இருந்தது.

ஒரு நாள் காலை, பாயில் சுருண்டு கிடந்த சின்னம்மா வாய் திறந்தார்.

"அக்கா, ஒல்லிக்கிழங்கு எண்டா தின்னுவன் போல கிடக்கு."

அம்மா எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனார். சித்தப்பா மட்டும் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஒல்லிக்கிழங்கு குளத்தில் அல்லிக்கொடியின் அடியில், சேற்றுக்குள் விளைவது. பாக்கு அளவுதான் இருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடையில் நின்ற பெடியன், உருளைக்கிழங்கில் சின்னனாகப் பார்த்துப் பொறுக்கித் தரட்டுமா என்று சித்தப்பாவைக் கேட்டானாம். சந்தையில் மரக்கறி விற்கிற பெண்ணோ, அதை இப்போது யார் எடுக்கிறார்கள் என்று சிரித்தாராம்.

வெறுங்கையோடு வந்து நின்றவரைப் பார்த்து அம்மாவுக்கு ஏனோ கோபம் வந்தது.

"எல்லாத்தையும் பைக்கற்றில போட்டு விக்கிறாங்கள். இதையும் வித்தா என்னவாம்?"

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் குசினி வாசலில் நின்றார். பிறகு ஒரு பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தார். சித்தப்பாவும் நானும் பின்னால் ஓடினோம்.

என் அம்மா கிணற்றில் வாளியால் அள்ளிக் குளிக்கிறவர். குளக்கட்டில் நான் ஏறினாலே சத்தம் போடுகிறவர். அவர் பாவாடையைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியபோது நான் வாயைத் திறந்தபடி நின்றேன். கோடையில் குளம் பாதியாக வற்றியிருந்தது. ஆனாலும் நடுவில் ஆழம். அல்லி இலைகள் பாய் விரித்தாற்போல மூடிக் கிடந்தன.

"அக்கா, முதலை கிடக்கும்!" என்று சித்தப்பா கத்தினார். அவருக்கு நீந்தத் தெரியாது.

"கிடந்தாக் கிடக்கட்டும். பிள்ளையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

இடுப்பளவு, நெஞ்சளவு, கழுத்தளவு. பழுத்து மஞ்சளான இலையாகப் பார்த்துப் போனார். நின்ற இடத்தில் காலால் சேற்றைத் துழாவினார். ஒரு தரம் மூச்சை இழுத்தார், தலை மறைந்தது. இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அங்கே ஆளே நிற்காதது போல அசையாமல் கிடந்தன. சித்தப்பா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார். நானும் மூச்சை அடக்கிப் பார்த்தேன்; எனக்கு மூச்சு முடிந்துபோனது, அம்மாவுக்கு இன்னும் முடியவில்லை. அழலாம் என்று வாயைத் திறந்தபோது, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு மிகவும் தள்ளித் தண்ணீர் பிளந்தது. தலைமுடியில் கொடி சுற்றி, முழங்கைவரை கறுப்புச் சேறு வழிய, இரண்டு கை நிறையக் கிழங்கோடு எழும்பினார் அம்மா. நெற்றியில் நீர் வெயிலில் மின்னியது. எனக்கு அவரை யாரென்றே தெரியவில்லை. குளத்துக்குள்ளிருந்து வேறு யாரோ வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

திரும்பத் திரும்ப மூழ்கினார். கடகம் நிறைந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நான் அவரைத் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது.

அம்மா கிழங்கைக் கழுவி அவித்து, தோல் உரித்து, துருவிய தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் சின்னம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றை மென்றார். இன்னொன்றை எடுத்தார். கிணற்றடிக்கு ஓடவில்லை. சித்தப்பா முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்தார்.

"நான் உன்னளவு இருக்கேக்க நாங்கள் சண்டையில இடம்பெயர்ந்து காட்டுக்க கிடந்தனாங்கள்" என்றார் சின்னம்மா என்னிடம். "அரிசி இல்லை. உன்ர அம்மா ஒவ்வொரு நாளும் குளத்தில இறங்கி இதைத்தான் எடுத்துத் தருவா. எங்களுக்கு வேற சாப்பாடே இல்லை. என்ன ருசி தெரியுமோ!"

ஒவ்வொரு நாளும் இப்படிக் குளத்தில் மூழ்கி விளையாடக் கிடைத்த அம்மாவை நினைக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடி அவருடைய வாயருகே நீட்டினேன். அம்மா முகத்தைத் திருப்பினார். நான் விடாமல் உதட்டில் வைத்து அழுத்தினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓங்காளித்தார். வயிற்றில் ஒன்றும் இல்லாமலே நெடுநேரம் ஓங்காளித்தார்.

நான் சின்னம்மாவிடம் ஓடினேன்.

"அம்மாவுக்கும் சத்தி வருது! அம்மாவுக்கும் பாப்பா வரப்போகுது!"

சின்னம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மெல்லுவதை நிறுத்தி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, குசினிப் பக்கம் பார்த்து, "காட்டால வந்த பிறகு அக்கா இதை வாயில வைச்சதே இல்லை" என்றார். பிறகு மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து அம்மாவிடம் போனார்.

எனக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. வரப்போகிற இரண்டு பாப்பாக்களுக்கும் பெயர் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.