கணினிக்கு முன்னால் ஒரு நாற்காலி

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் என் மனைவி நடத்திவந்த, ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை தைக்கும் பட்டறைக்கு, கணினி பூட்டிய தையல் இயந்திரம் ஒன்று வந்தது. பீன்யாவில் மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் சாமான். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டால், திரையில் வரைந்த பூவையும் கொடியையும் ஊசி தானே தைத்துவிடும். யாராவது ஒருவர் கணினிக்கு முன்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒருவர் நான்தான் என்று நினைத்தேன். மராமத்து இலாகாவில் விதிகளை உட்பிரிவு எண்ணோடு சொல்பவன் என்று பெயர் எடுத்தவன். மனைவி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். வங்கியின் கணினிப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். தலையில் முடி முழுதாக இருந்தது. அதைக்கூட மன்னித்திருப்பேன்.

“சார், சொல்ப இங்க வந்து பாருங்களேன்” என்பாள் அவரிடம், ‘கொஞ்சம்’ என்பதைக் கன்னடத்தில் ‘சொல்ப’ ஆக்கி. அந்த ‘சார்’ குழைந்து வரும். எனக்கென்று அவள் வைத்திருந்தது மொட்டைமாடி வரை எட்டும் ஒரு ‘என்னங்க’.

கையேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கொஞ்ச நாளில் அதிலிருந்த சொற்கள் அத்தனையும் மனப்பாடம். ‘பிளாக்’ என்றால் ஒட்டுத்துணியில் தைத்த ஒரு கட்டம். ‘டை-ஆஃப்’ என்றால் நூல் பிரியாமலிருக்கத் தொடக்கத்திலும் முடிவிலும் போடும் குட்டித் தையல்கள். ‘சேஃப் ஏரியா’ என்றால் ஊசி தாண்டக்கூடாத எல்லை. சாப்பிடும்போதுகூட மனைவிக்கு இவற்றை ஒப்பித்துக் காட்டினேன். அவள் ரசம் ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரரோ ஒன்றை ‘அந்த முடிச்சு’ என்பார், இன்னொன்றை ‘இந்த டப்பா’ என்பார், வேலையை முடித்துவிடுவார்.

“அதுக்கு ஒரு பேர் இருக்கு சார்” என்றேன் ஒருநாள்.

“இருக்கட்டும் சார். கூப்பிட்டா திரும்பியா பாக்கப்போவுது?”

மனைவி சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

பிறகு அவர் ஒரு கல்யாணத்துக்காக சந்தாபுரா போனார். ஒரு ரஜாயை அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நாற்காலி எனக்குக் கிடைத்தது.

எல்லை குறிப்பதற்கு அவர், சட்டத்தில் கட்டிய கட்டத்தின் நான்கு மூலைக்கும் ஊசியை நகர்த்தி, மூலைக்கு மூலை பொத்தானை அழுத்துவார். எனக்கு அது கண்மதிப்பு. எங்கள் இலாகாவில் அளவு என்றால் டேப் வைத்து அளந்தது. ரஜாயை மேஜைமேல் விரித்து, அளந்து, சரிபார்த்து, எண்களைத் தட்டினேன். சட்டத்தில் இழுத்துக் கட்டியபோது துணி நீண்டு ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கவனித்தேன். ஆனால் சரிபார்த்த அளவைத் துணிக்காக மாற்றும் வழக்கம் எனக்கில்லை. அதுவும் அந்த மனிதர் செய்கிற மாதிரி.

கொடி கட்டத்தைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறிப் போனது.

“நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!” என்று மனைவி ஓடிவந்தாள்.

மறுநாள் அவர் வந்து பார்த்தார். “எனக்கும் மொதல்ல இப்படித்தான் சார் ஆச்சு” என்றார். பச்சைப் பொய். எனக்காகச் சொன்ன பொய். அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தையலைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினாள். “ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. நானே பாத்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். அவரைப் போலவே ஊசியை மூலைமூலையாக நகர்த்தினாள். “இது சேஃப் ஏரியா. இங்க டை-ஆஃப்” என்று என்னைப் போலவே முணுமுணுத்தாள். கொடி கட்டத்துக்குள் அடங்கி ஓடியது. நாற்காலி அவருக்கும் இல்லாமல் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: “சார், அந்த ஓரத்தக் கொஞ்சம் புடிங்க.”

அந்த ஓரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது நான். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து பிடித்தார்.