மூன்றாவது கையெழுத்து

கிரேக்க நாட்டுக் கம்யூனிஸ்டுகளின் வரலாற்றை ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளாக வாசித்து வருகிறோம். ஆங்கிலப் புத்தகம், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதைத் தமிழாக்கி உரத்து வாசிப்பது என் பொறுப்பு. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை முப்பத்தொரு வருடம் எண்ணிய கிளாக்கர் நான். இன்றும் எதையும் எண்ணாமல் விடுவதில்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு காலத்தில் பதினொரு பேர். மொஸ்கோ பக்கமா பீக்கிங் பக்கமா என்று சண்டைபிடித்து ஆறாகவும் ஐந்தாகவும் பிரிந்தோம். அதற்குப் பிறகு ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போகவில்லை. கிரேக்கத்தில் இராணுவம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த நேரத்திலேயே அந்தக் கட்சியும் இரண்டாக உடைந்தது என்று முன்னுரையில் வாசித்தபோது, புத்தகத்தைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. அடிக்கிறவன் முன்னால் நிற்கும்போதுமா?

இப்போது இரண்டு பக்கத்திலும் சேர்த்து மிச்சம் மூன்று பேர்: நான், ஓய்வுபெற்ற தபாலதிபரான செயலாளர், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் தையற்காரர். இந்த ஊரில் இருக்கும் அவருடைய கடைதான் கூடும் இடம். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் செயலாளர் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் எழுதுவார். மூவரும் கையெழுத்திடுவோம். ஒரு தீர்மானமும் இந்தக் கடை வாசலைத் தாண்டியதில்லை.

போன ஞாயிறு தீவுச் சிறை அத்தியாயம். வெறும் கல்லும் காற்றுமான தீவில் தோழர்களை அடைத்து, அடித்து, ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். கட்சியைக் கைவிட்டேன் என்று கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம். வைத்தவனின் தாளை அவனுடைய ஊர்த் தேவாலயத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கட்சியும் அவனைத் தள்ளி வைத்தது.

"சரியான முடிவு," என்றார் செயலாளர், பேனையைத் திறந்தபடி. "கையெழுத்து வைச்சவன் தோழர் இல்லை. எங்கட தோழரைப் பாருங்கோ, கட்சிக்காகப் பதினேழு நாள் பொலிசில அடிபட்டுக் கிடந்தவர். அசைஞ்சவரே?"

என்னைத்தான் சொன்னார். வருடா வருடம் சொல்வார்.

"அடி உங்களுக்கும் எனக்கும் விழல்லையே, தோழர்," என்றார் தையற்காரர். "ஊசி குத்தினாலே நான் கத்துற ஆள்."

செயலாளர் எழுதி முடித்துக் கையெழுத்திட்டு, தையற்காரரிடமும் ஒன்று வாங்கிக்கொண்டு, புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்திட்டவர்களைக் கண்டிக்கும் தீர்மானம். அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம்.

"நான் வைக்கமாட்டன்."

"ஏன்?"

"ஒருக்கா வைச்சனான். அதுவே போதும்."

பதினேழாம் நாள் காலை, தட்டச்சு செய்த ஒரு தாள், ஆறு வரி. எனக்கு எந்தக் கட்சியோடும் தொடர்பு இல்லை என்று இருந்தது. ஆறையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்த மனிதர் என் பதினேழு நாளைப் பதக்கம் போலத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் வாய் மூடி இருந்தேன். போன ஞாயிறு கத்தினேன்.

"அந்தக் கல்லுத்தீவில உங்கட ரெண்டு விரல் நகத்தைப் பிடுங்கியிருந்தா, தோழர், மூண்டாவதுக்கு முதல் நீங்களும் வைச்சிருப்பீங்கள்!"

செயலாளர் குறிப்புப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "விதிப்படி நீங்கள் இனி உறுப்பினர் இல்லை. தீர்மானம் எடுக்க வேணும்."

"எப்பிடி எடுப்பீங்க?" தையற்காரர் நூல்கட்டையை உருட்டிக்கொண்டே கேட்டார். "கூட்டத்துக்கு மூணு பேர் வேணும் எண்டு நீங்கதானே எழுதி வெச்சீங்க. இவரை விலக்கினா நாம ரெண்டு பேர். கூட்டமே செல்லாதே."

செயலாளர் விதிப் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனையை மூடினார்.

என்னை வைத்திருந்தது தோழர் என்பதற்காக அல்ல, மூன்றாவது தலை என்பதற்காக. அடி வாங்கிய நாளில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. எழும்பிப் போயிருக்கலாம். இருந்தது மூன்றே கதிரை. அதில் ஒன்று என்னுடையது. ஏன் விடவேண்டும்?

"அடுத்த அத்தியாயம் எத்தனையாம் பக்கம்?" என்று கேட்டார் செயலாளர், கடைசியில்.

"அறுபத்து நாலு," என்றேன். தேவைக்கு மேலான சத்தத்தில் வாசித்தேன். குறிப்புப் புத்தகத்தில் அந்தத் தீர்மானத்தின் கீழ் இரண்டு கையெழுத்தும் ஒரு வெற்று இடமும் இருக்கின்றன. அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்.