கண்ணாடியில் ஏறிய சூடு

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் வாடகைக் கார் ஓட்டியவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம். வண்டி ஓட்டும்போது யார் பேசினாலும் திரும்ப மாட்டார். சாலையைப் பார்த்தபடியே பதில் சொல்வார். பழைய கம்ப்யூட்டர் சாமான்களைக் கொண்டு தன் மாருதிக்குத் தானே ஒரு கம்ப்யூட்டர் செய்து பொருத்தியிருந்தார். வேகமும் இன்ஜின் சூடும் முன்கண்ணாடியில் பச்சை எண்களாக மிதக்கும்.

மழை இருட்டிய ஒரு மதியம், பிரசவ வலியில் துடித்த என் தங்கையை ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில் ஏற்றிப் போனேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. கண்ணாடியில் சூடு நூறைத் தாண்டியது.

“நூத்திப்பத்து ஆச்சுன்னா இன்ஜின் பூடும் நைனா” என்றவர் ஹீட்டரை முழுவதும் திருப்பினார். அனல் எங்கள் முகத்தில் அடித்தது.

“இன்னாண்ணே பண்றே? அவ மயங்கிடுவா!” என்று கத்தினேன்.

“இன்ஜின் சூட்ட இப்டி இழுத்தாத்தான் வண்டி போவும். ஜன்னல தொற. கொஞ்சம் தாங்கிக்கோ தங்கச்சி!”

எண் நூற்றெட்டில் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக இறங்கியது. ஆஸ்பத்திரி சேர்ந்த அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

வெளியே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “சூடு காட்ற மீட்டர்தான் கீழ கீதே, கண்ணாடில எதுக்குண்ணே வச்சே?”

“ஒரு தபா குனிஞ்சி மீட்டர பாத்தேன் நைனா. நிமிர்றதுக்குள்ள குறுக்க வந்த ஆளு மேல வண்டி ஏறி எல்லாம் முடிஞ்சி பூட்ச்சி.”

என் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். சாலையைப் பார்த்தபடியே கிளம்பிப் போனார்.