பெயர் வாசிக்கப்படாத ஆட்டக்காரர்

ஒர்க்‌ஷாப்பில் காலைச் சங்கு ஊதி நாங்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தோம். பக்கத்து ஷெட் ஃபிட்டர் யாதகிரி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி குஜர் கயே பாய்" என்றார். ஞானமுத்து அண்ணாச்சி காலமாகிவிட்டார். டைபாயிடு காய்ச்சல் இறங்கிவிட்டது என்று முந்தின நாள்தான் வீட்டார் சொல்லியிருந்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கடைசல் வேலை பார்த்தவர். எங்கள் தமிழ்த் திருச்சபையின் பாஸ்கட்பால் அணியில் ஆடியவர். மைதானத்து மூலையில் நின்றபடி, பந்தை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, அவசரமே இல்லாமல் எறிவார். வளையத்தின் விளிம்பில்கூடப் படாமல் உள்ளே இறங்கும். நான் அணியில் சேர்ந்த வருடம் அவர் போட்ட கூடைகளை நம்பித்தான் எல்லோரும் ஆடினோம்.

எதிரணிகள் சும்மா இருக்குமா? பக்கத்துப் போலாரம் பட்டாள அணி முதலில் விழித்துக்கொண்டது. அண்ணாச்சிக்கு இரண்டு ஆட்களைக் காவல் போட்டார்கள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர் கைக்குப் பந்து வருவதே நின்றுபோனது. வளையத்தடியில் நின்ற எனக்கோ யோகம் அடித்தது. ஆளில்லாத இடத்தில் பந்தை வாங்கி வாங்கிப் போட்டேன்.

"நீங்களும் உள்ள வாங்களேன் அண்ணாச்சி, பந்து தர்றேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"நக்கோப்பா" என்று சிரித்தார். செகந்திராபாத் வந்து கற்றுக்கொண்ட வார்த்தை; வேண்டாம் என்பதற்கு அதைத்தான் சொல்வார். "நான் உள்ள வந்தா அவனுவளும் எம்பின்னால வந்து ஒன் வழிய அடைப்பானுவ. நான் மூலையில நின்னா ரெண்டு பேரும் அங்கனயே கெடப்பானுவ. நீ போடு."

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை ஆட்டத்தில் யார் எத்தனை பாயிண்ட் எடுத்தார்கள் என்பதை, ஞாயிறு ஆராதனை முடிவில், கல்யாண அறிவிப்புகளோடு சேர்த்துச் செயலாளர் ஐயா வாசிப்பார். ஒன்றும் எடுக்காதவர் பெயரை விட்டுவிடுவார். அவர்களுக்கு அவமானமாகிவிடக் கூடாதாம்! இந்த மரியாதைதான் அண்ணாச்சியை ஒழித்தது. மைதானத்தை எட்டிப் பார்க்காத பெரியவர்கள், அவர் ஆட்டத்தையே விட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். அவர் மனைவி எஸ்தர் அக்காவே ஒருமுறை கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். "நேத்து வெளையாடத்தான் போனியளா? பேரையே காணோமே. எங்க போய்ச் சுத்திட்டு வந்திய?" நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார், ஆனால் முகம் சிவந்துவிட்டது.

சென்ற வருடம் சமஸ்தானத்துக்கு வெளியே, மதராஸ் பந்தயத்துக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. பெரம்பூரில் கட்டிக்கொடுத்த தங்கை தன் ஆட்டத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் நெடுநாள் ஆசை. புது கான்வாஸ் ஷூகூட வாங்கிவிட்டார். செயலாளர் ஐயா பாயிண்டைப் பார்த்து அவரை மதராஸ் போகும் அணியிலிருந்து நீக்கினார்.

நான் சண்டை போட்டேன்.

"மூலையில சும்மா நிக்கிறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் ஒரு ஆளா?" என்றார் ஐயா.

"அவர் அங்க நிக்கிறதாலதான் நான் இங்க போடுறேன் ஐயா."

"தம்பி, அடக்கம் நல்லதுதான். அதுக்காக ஒன் பாயிண்ட்டை அவருக்கா எழுத முடியும்?" என்று தோளில் தட்டினார். நான் சுவரோடு பேசியிருக்கலாம்.

மதராஸில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். மூலையைக் காக்கும் வேலை இல்லாததால் அங்கே நிற்க வேண்டிய எதிரணி ஆட்களும் என்மேல் வந்து விழுந்தார்கள். ஊர் திரும்பியபோது அண்ணாச்சி ஸ்டேஷனில் நின்றிருந்தார்.

"எத்தன பேரு ஒன்னய மறிச்சானுவ?" என்று கேட்டார்.

"மூணு பேர் அண்ணாச்சி."

"அப்ப நீ நல்லாத்தான் ஆடியிருக்க" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடக்கத்தின்போது செயலாளர் ஐயா பேசினார். "ஆரம்பத்தில் நன்றாக ஆடினார். பிற்காலத்தில் பங்களிப்பு குறைந்துவிட்டபோதிலும், தவறாமல் மைதானத்துக்கு வந்தார்" என்றார். எஸ்தர் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு மீசைக்காரர் முன்னே வந்தார். போலாரம் பட்டாள அணியின் கேப்டன், வேலூர்க்காரரான ஒரு சுபேதார்.

"இவரு வந்துக்கீறாரான்னு பாத்துட்டுதாங்க நாங்க டீமே போடுவோம்" என்றார். "எங்காளுங்க ரெண்டு பேருக்கு இவரைப் புடிக்கிறதே வேலை. பாக்கி மூணு பேரை வச்சிக்கினு உங்க நாலு பேரை எப்பிடிங்க சமாளிக்கிறது?"

"ஆனா அவர் கூடையே போடலையே?" என்றார் செயலாளர் ஐயா, உண்மையாகவே விளங்காமல்.

"நாங்க போட உடலீங்க. அதுக்குத்தானே ரெண்டு ஆளு."

எஸ்தர் அக்கா நிமிர்ந்து அந்தச் சுபேதாரைப் பார்த்தார். செயலாளர் ஐயா ஒரு பிடி மண் எடுத்துக் குழியில் போட்டார். இந்த வார்த்தையைச் சொல்லப் போலாரத்திலிருந்து ஓர் எதிராளி வரவேண்டியிருந்தது. அதுவும் அண்ணாச்சியின் காது கேட்காமல் போன பிறகு.

அண்ணாச்சி, வருகிற சனிக்கிழமை பட்டாளத்தோடுதான் ஆட்டம். உங்களைக் காத்து நின்ற இருவரும் இனி என்மேல் பாய்வார்கள். கூடை போட முடியாமல் நான் திரும்பினால், ஞாயிற்றுக்கிழமை என் பெயரையும் வாசிக்க மாட்டார்கள். வாசிக்காமலே போகட்டும். போய் வாருங்கள்.